துளையைக் குறையுங்கள், டிரம்மின் பூர்வீகத்தை விசாரியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இரும்பு டிரம்மில் குறைந்த செலவில், இறைச்சியைப் புகையில் மெதுவாக வேகவைக்கும் புகையடுப்பு செய்வது பற்றித் தங்கள் வார இணைப்பில் வந்த குறிப்பைப் படித்தேன். எழுதியவரின் ஆர்வத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதிலுள்ள மூன்று வாக்கியங்களைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. ‘எந்த டிரம்மும் ஆகும்’ என்பது ஒன்று. ‘சோப்பு போட்டுக் கழுவினால் போதும்’ என்பது இன்னொன்று. ‘அடியில் பத்துப் பதினைந்து துளை போட்டால் கரி நன்றாகப் பிடிக்கும்’ என்பது மூன்றாவது. முதல் இரண்டும் ஆளுக்கு ஆபத்து, மூன்றாவது இறைச்சிக்கு ஆபத்து.

மூன்றாவதிலிருந்தே தொடங்குகிறேன். புகையடுப்பு என்றால் என்ன என்பதே அந்த ஒரு வரியில்தான் புரியாமல் போயிருக்கிறது.

கம்பியில் போட்டுச் சுடும் அடுப்பில் கரி தகதகவென்று எரிய வேண்டும். புகையடுப்பு அதற்கு நேர் எதிர். இங்கே கரிக்கு மூச்சு முட்ட வேண்டும், ஆனால் அணைந்துவிடக் கூடாது. 110 முதல் 135 டிகிரி செல்சியஸுக்குள் எட்டு மணி, பத்து மணி நேரம் ஒரே சீராக நிற்க வேண்டிய அடுப்பு இது. அந்தச் சூட்டைத் தீர்மானிப்பது டிரம்முக்குள் வைக்கும் கம்பிக் கூடையில் இருக்கும் கரி அல்ல, அடி வழியாக உள்ளே போகும் காற்று. கூடை நிறையக் கரி இருந்தாலும் காற்று ஒரு பிடி என்றால் தீயும் ஒரு பிடிதான். பதினைந்து துளை போட்ட டிரம்முக்குப் பெயர் புகையடுப்பு இல்லை, குப்பை எரிக்கும் தொட்டி.

டிரம்முக்குள் காற்றை இழுப்பது மின்விசிறி இல்லை. உள்ளே இருக்கும் காற்று சூடாகி எடை குறைந்து மேலே போகிறது, அந்த இடத்துக்குக் கீழிருந்து புதுக்காற்று வருகிறது, அவ்வளவுதான். 85 செ.மீ. உயர டிரம்மில் உள்ளே 120 டிகிரி, வெளியே 30 டிகிரி என்று வைத்துக் கணக்குப் போட்டால் இந்த இழுவை சுமார் 2.2 பாஸ்கல் வருகிறது. கால் மில்லிமீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தம்கூடத் தேறாது. இவ்வளவு மெல்லிய இழுவையில் ஓடும் அடுப்பு என்பதால்தான் மூடி விளிம்பில் ஒரு நெளிவு, சரியாக உட்காராத ஒரு நட்டு, எதிரே வீசும் காற்று என எதுவும் அதன் போக்கையே மாற்றிவிடுகிறது. கசிவை அடைப்பதில் காட்டும் பிடிவாதத்தை வேறு எந்த வேலையிலும் காட்ட வேண்டாம்.

அளவுக்கு வருகிறேன். அடியில் காற்று வழியாக மாட்டும் முக்கால் அங்குல பைப்பின் உள்விட்டம் ஏறக்குறைய 21 மி.மீ. அப்படி மூன்று காற்று வழி வைத்தால் மொத்தத் திறப்பு சுமார் 1,030 சதுர மி.மீ. மூடியில் அரை அங்குலத் துளை எட்டு போட்டால் சுமார் 1,010. உள்ளே வரும் வழியும் வெளியே போகும் வழியும் கிட்டத்தட்டச் சமம். இது போதும், இதற்கு மேல் ஒரு துளையும் வேண்டாம். மூடியில் ஏற்கெனவே 2 அங்குல வாய் ஒன்று இருந்தால் அதுவே இதைப்போல் இரண்டு பங்கு பரப்பு, வேறு துளையே தேவையில்லை. மேலே தாராளமாக இருப்பதில் தப்பில்லை, ஏனென்றால் கட்டுப்பாடு கீழேதான் இருக்கிறது. சூட்டைக் குறைக்க மேல் துளையை அடைப்பவர்கள் உண்டு. சூடு குறையும், உண்மைதான். கூடவே புகை உள்ளே தேங்கி, மூடியின் அடியில் தாராகக் கசிந்து, இறைச்சி மேல் கறுப்புச் சொட்டாக விழும். சமையல் முடியும் வரை மேல்வழி முழுதாகத் திறந்தே இருக்க வேண்டும்.

இனி டிரம். வேண்டியது 200 லிட்டர் டிரம், அதாவது 55 அமெரிக்க காலன். உள்விட்டம் 57 செ.மீ., உயரம் 85 முதல் 88 செ.மீ. இருக்கும். இதில் இரண்டு ரகம். மேல்மூடி முழுவதும் கழன்று, வளையப் பட்டியும் போல்ட்டும் போட்டு இறுக்கும் ரகம் ஒன்று. மேல்பக்கமும் மூட்டப்பட்டு, இரண்டு திருகு வாய் மட்டும் உள்ளது இன்னொன்று. ஐ.நா. குறியீடு பொறித்த டிரம்மில் முதல் ரகத்துக்கு ‘1ஏ2’, இரண்டாவதற்கு ‘1ஏ1’ என்று இருக்கும். அந்தக் குறியீடு டிரம்மின் கட்டுமானத்தைச் சொல்லுமே தவிர, உள்ளே என்ன இருந்தது என்பதைச் சொல்லாது. அதைப் பார்த்து ‘அங்கீகரிக்கப்பட்ட டிரம்’ என்று யாரும் ஏமாற வேண்டாம். சில டிரம்களில் ‘1.2/0.9/1.2’ போல மூன்று எண்கள் இருக்கும். அவை மேல், உடல், அடி ஆகியவற்றின் தகட்டுத் தடிமன், மில்லிமீட்டரில். 0.9 மி.மீ. உடல் போதும். அதைவிட மெல்லியது சில பருவங்களிலேயே அடியில் ஓட்டையாகும்.

மூடி கழலும் ரகத்தையே தேடுங்கள். மூடிய ரகத்தை வாங்கி மேலே வெட்டி எடுக்கலாமே என்று தோன்றும். அங்கேதான் உயிர் போகிறது. காலி என்று சொல்லப்படும் டிரம்மில் எஞ்சியிருக்கும் சில சொட்டுத் திரவத்தின் ஆவியே போதும். கிரைண்டர் பொறியோ வெல்டிங் சுடரோ பட்டதும் அது குண்டு மாதிரி வெடிக்கும், மூடி ஆள்மேல் பறக்கும். வெட்டிய பிறகும் விளிம்பு பிளேடு போல நிற்கும், அதற்குப் பொருந்தும் மூடியைத் தனியாகச் செய்ய வேண்டும். இத்தனை பாட்டுக்கு இன்னும் சில நாள் தேடி மூடி கழலும் டிரம்மையே எடுத்துவிடலாம்.

உள்ளே என்ன இருந்தது என்பதற்கு நேரான பதில் கிடைக்காத டிரம் வேண்டவே வேண்டாம். பழச்சாறு, தக்காளி விழுது, சமையல் எண்ணெய், தேன் போன்றவை வந்த டிரம் ஆகும். பூச்சிமருந்து, கரைப்பான், பெயின்ட், பிசின், அமிலம், கழிவு எண்ணெய் இருந்தவை எத்தனை முறை கழுவினாலும், எரித்தாலும் ஆகாது. மடிப்பு மூட்டுகளுக்குள் இறங்கியதை எந்தச் சோப்பும் வெளியே கொண்டுவராது. லேபிளைக் கிழித்துவிட்ட டிரம்மைப் பார்த்தால், ஏன் கிழித்தார்கள் என்று யோசியுங்கள். சிவப்புக் கோடு போட்ட சாய்சதுர எச்சரிக்கைப் படத்தின் ஒரு மூலை மிச்சமிருந்தாலும் அந்த டிரம்மை விட்டுவிடுங்கள்.

கால்வனைஸ் செய்த, அதாவது துத்தநாகம் பூசிய டிரம்மும் கூடாது. துத்தநாகம் 419 டிகிரியில் உருகும். டிரம்மை எரித்துச் சுத்தம் செய்யும்போது தகடு அந்தச் சூட்டைத் தாண்டும். பூச்சு எரிந்து எழும் வெண்புகையைச் சுவாசித்தால் சில மணி நேரத்தில் குளிர்க்காய்ச்சல் போலத் தூக்கிப் போடும். துத்தநாகம் பூசிய கம்பித் தட்டியும் கூடாது, புளிப்பான மசாலா பட்டால் அது கரைந்து உணவில் இறங்கும். உள்ளே வரும் போல்ட், நட்டு எல்லாம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும். இந்த வேலையில் தாராளமாகச் செலவு செய்ய வேண்டிய இடங்கள் இரண்டே இரண்டு. ஒன்று இந்தப் போல்ட்டுகள், இன்னொன்று வெப்பமானி.

உணவு வந்த டிரம்முக்கும் உள்பூச்சு இருக்கலாம். செம்பழுப்பாகவோ பொன்னிறமாகவோ பளபளக்கும். ஆணி நுனியால் கீறினால் மெல்லிய தோலாக உரியும். அது எபாக்ஸி, பீனாலிக் வகைப் பிசின், சோப்புக்கு மசியாது. எரித்துத்தான் ஆக வேண்டும். மூடியின் உள்விளிம்பில் ரப்பர் வளையம் இருந்தால் முதலில் அதைப் பிடுங்கி எறியுங்கள். காற்றுத் துளைகளை முதலில் போட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அடிப்பக்கம் சூடேறாது. டிரம்மை மூன்று செங்கல் மேல் நிறுத்தி, பெயின்ட் படாத காய்ந்த விறகைப் போட்டு இரண்டு மணி நேரமாவது கொழுந்துவிட்டு எரிய விடுங்கள். மூடியையும் தீயின் மேல் காட்டி எடுங்கள். பூச்சு எரியும் புகை நஞ்சு. ஆள் நடமாட்டம் இல்லாத திறந்த வெளியில், காற்று வரும் பக்கம் நின்று செய்ய வேண்டிய காரியம் இது. ஆறிய பிறகு பார்த்தால் நடுப்பகுதி சாம்பல் நிறத்தில் சுத்தமாக இருக்கும். மேல் விளிம்பிலும் அடி மூலையிலும் கருகிய படலம் ஒட்டிக்கொண்டிருக்கும். தீ எட்டாத இடங்கள் அவை. கிரைண்டரில் வயர் கப் (வட்டக் கம்பி பிரஷ்) மாட்டி, கண்ணாடியும் முகமூடியும் போட்டுக்கொண்டு வெறும் இரும்பு தெரியும் வரை தேயுங்கள். விளிம்பு மடிப்பில் கை பிரஷ்தான் போகும். அதன்பின் கழுவி, உடனே துடைத்து, சிறு தீயில் காய வைத்து, சூடு ஆறும்போதே சமையல் எண்ணெயை மெல்லிசாகத் தடவிவிடுங்கள். எண்ணெய் தடவாமல் ஓர் இரவு விட்டால் காலையில் செம்மண் பூசியது போலத் துரு நிற்கும். உள்ளே எந்தப் பெயின்ட்டும் வேண்டாம், ‘சூடு தாங்கும்’ என்று போட்டிருந்தாலும் வேண்டாம். வெளியே மட்டும் 650 டிகிரி தாங்கும் பெயின்ட்டை இரண்டு மெல்லிய கோட்டாக அடித்துக்கொள்ளலாம்.

துளை போடுவதில் ஒரு சின்னச் சூட்சுமம். டிரம்மின் வெளிச்சுற்று சுமார் 1.84 மீட்டர். அளவெடுத்து வகுத்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. ஒரு கயிற்றைச் சுற்றி வெட்டி, அதை மூன்றாக மடித்து மடிப்புகளில் பேனாவால் குறியிட்டு, மறுபடி டிரம்மில் சுற்றினால் மூன்று காற்று வழிக்கும் இடம் தெரிந்துவிடும். டிரம்மின் பக்கவாட்டில் மேலிருந்து கீழாக ஒரு வெல்டிங் தையல் ஓடும். எந்தக் குறியும் அதன்மேல் விழாதபடி கயிற்றைத் திருப்பிக்கொள்ளுங்கள். அடியிலிருந்து 50 மி.மீ. உயரத்தில் துளையின் மையம் வர வேண்டும். இன்னும் கீழே போனால் சாம்பல் அடைக்கும், இன்னும் மேலே போனால் காற்று கரிக்கு அடியில் புகாமல் பக்கத்தில் தாக்கும்.

முக்கால் அங்குல பைப்பின் வெளிவிட்டம் 26.7 மி.மீ., ஆகவே 28 மி.மீ. துளை. பஞ்ச் அடித்து, 3 மி.மீ. பிட்டில் வழி திறந்து, பிறகு படிப்படியாகத் தடிக்கும் ஸ்டெப் பிட்டில் மெதுவாக எண்ணெய் விட்டு விரியுங்கள். வட்டமாக அறுக்கும் ஹோல் சா மெல்லிய தகட்டில் கவ்விக்கொண்டு மணிக்கட்டைத் திருகிவிடும். அதுதான் இருக்கிறது என்றால் உள்ளே ஒரு மரக்கட்டையை அண்டக் கொடுத்துப் போடுங்கள். பிசிறை அரத்தால் எடுத்த பிறகு, பலரும் தவறவிடும் ஒரு வேலை இருக்கிறது. டிரம் வளைவானது, பைப்பைத் தகட்டோடு இறுக்கும் லாக் நட்டோ தட்டையானது. அப்படியே இறுக்கினால் நட்டின் இரு பக்கமும் நகம் நுழையும் அளவுக்கு இடுக்கு நிற்கும். உள்ளே கட்டையை வைத்து, துளையைச் சுற்றி 50 மி.மீ. அகலத்துக்குச் சுத்தியலால் மெல்லத் தட்டிச் சமமாக்கிக்கொண்டு, உள்ளும் புறமும் லாக் நட்டு போட்டு இறுக்குங்கள். டார்ச் விளக்கை உள்ளே வைத்து, இருட்டில் வெளியே நின்று பாருங்கள். வெளிச்சம் வரும் இடமெல்லாம் காற்றும் வரும்.

மூன்று வழிக்கும் பால் வால்வு (பிடியைத் திருப்பித் திறந்து மூடும் குழாய் வால்வு) வாங்கத் தேவையில்லை. ஒன்றுக்கு வால்வு, மற்ற இரண்டுக்கும் திருகு மூடி போதும். மூடியைக் கழற்றினால் முழுத் திறப்பு, போட்டால் முழு அடைப்பு, நடுவில் உள்ள நுணுக்கம் எல்லாம் வால்வின் வேலை. ‘ஃபுல் போர்’ வால்வாகக் கேட்டு வாங்குங்கள். மற்றதில் உள்துளை சிறுத்திருக்கும், மேலே போட்ட பரப்புக் கணக்கெல்லாம் அடிபட்டுப் போகும். வால்வின் உள்ளே இருக்கும் வெள்ளை வளையம் பி.டி.எஃப்.இ. என்ற பிளாஸ்டிக். அதிகச் சூட்டில் அது கெடும். அதனால் டிரம்முக்கும் வால்வுக்கும் நடுவில் 100 மி.மீ. நிப்பிள், அதாவது இரு முனையிலும் மரை உள்ள குட்டைப் பைப், விடுங்கள். குளிர்ந்த காற்று அந்த வழியாகவே வருவதால் வால்வு கையால் தொடும் சூட்டில்தான் இருக்கும். இதே வால்வை மேலே புகை போகும் வழியில் மாட்டும் யோசனை வந்தால் அதை அங்கேயே விட்டுவிடுங்கள்.

கரிக்கூடை 400 மி.மீ. விட்டம், 250 மி.மீ. உயரம். வலை போல விரித்த தடித்த எக்ஸ்பாண்டட் மெட்டல் தகட்டில் 1,300 மி.மீ. நீளப் பட்டை வெட்டி வளைத்தால் 40 மி.மீ. மேல்மடிப்பு கிடைக்கும். மெல்லிய கோழிவலை சரிப்படாது, ஒரு தீயிலேயே துவண்டுவிடும். அடியில் கம்பித் தட்டி, அதற்கு 75 மி.மீ. உயரத்தில் மூன்று போல்ட் கால்கள், காலுக்கு அடியில் சாம்பல் விழ ஓர் அகலத் தட்டு. கூடையைத் தூக்க வாளிப் பிடி மாதிரி ஒரு கம்பி இருந்தால் கை கருகாது. கூடைக்கும் டிரம் சுவருக்கும் இடையே சுற்றிலும் 85 மி.மீ. இடைவெளி நிற்கும், அதைக் குறைக்காதீர்கள். கூடையே இல்லாமல் கரியை டிரம்மின் அடியில் கொட்டுபவர்களுக்கு மூன்று பிரச்சினைகள் ஒன்றாக வரும். சாம்பல் காற்று வழியை மூடும், தீ பக்கவாட்டில் பரவும், சுவர் தகடு வெந்து பெயின்ட் உரியும்.

இறைச்சித் தட்டி மேல் விளிம்பிலிருந்து 180 மி.மீ. கீழே வர வேண்டும். கயிற்றை நான்காக மடித்து, அந்த உயரத்தில் நான்கு எம் 6 (6 மி.மீ. தடிமன்) போல்ட்டுகளை, தலை வெளியேயும் நுனி 30 மி.மீ. உள்ளேயும் இருக்குமாறு முடுக்கினால் 545 மி.மீ. வட்டத் தட்டி அதில் உட்காரும். இப்போது கரித் தட்டியிலிருந்து இறைச்சித் தட்டிக்கு 600 மி.மீ. தூரம் கிடைக்கும். இந்தத் தூரம் ஏதோ வாய்க்கு வந்த எண் இல்லை. இடையில் வேறு தடுப்புத் தகடு இல்லாத அடுப்பில் நேர்ச்சூட்டை ஆற்றிப் பரப்புவது இந்தக் காலியிடம்தான். 400 மி.மீ.க்குக் குறைத்தால் அடிப்பக்கம் கருகி மேல்பக்கம் வேகாமல் நிற்கும். மேலே 180 மி.மீ.க்குக் குறைத்தால் முழுக்கோழியின் நெஞ்சு மூடியில் இடிக்கும்.

வெப்பமானியை மூடியின் நடுவில் குத்தி வைப்பது பார்வைக்கு அழகு, காரியத்துக்கு உதவாது. இறைச்சி இருக்கும் மட்டத்தின் சூடுதான் தெரிய வேண்டும். தட்டிக்கு 25 மி.மீ. கீழே, இரண்டு போல்ட்டுகளுக்கு நடுவே துளையிட்டு, 125 மி.மீ.யாவது நீளத் தண்டு உள்ள முள் வெப்பமானியை நுழையுங்கள். குட்டைத் தண்டு சுவரோரச் சூட்டை மட்டும் சொல்லும். இந்த அடுப்பில் தட்டியின் நடு எப்போதும் ஓரத்தைவிடச் சூடு, 20 டிகிரி வித்தியாசம் சாதாரணம். முள் 110 காட்டினால் நடுவில் 130 இருக்கலாம் என்று மனத்தில் வைத்துக்கொண்டு பெரிய துண்டை நடுவிலும் சின்னதை ஓரத்திலும் அடுக்குங்கள். மாட்டும் முன் தண்டைக் கொதிநீரில் விட்டுப் பாருங்கள். கடல் மட்டத்தில் 100 காட்ட வேண்டும், உயரம் கூடக் கூட ஒவ்வொரு 300 மீட்டருக்கும் சுமார் ஒரு டிகிரி குறையும்.

முதல் தீ இறைச்சி இல்லாமல். எண்ணெய் தடவிய உள்சுவர் 150 டிகிரியில் இரண்டு மூன்று மணி நேரம் இருந்தால் எண்ணெய் இறுகிக் கறுப்பு மெருகாகப் படியும். துருவுக்கு அதுவே காப்பு.

சமையல் நாளில் கூடையில் 5 கிலோ கரியைப் பற்றவைக்காமல் கொட்டி, இடையிடையே கையளவு மரத்துண்டு மூன்று நான்கைப் புதைத்து, நடுவில் ஒரு குழி செய்துகொள்ளுங்கள். தனியே பற்றவைத்த கங்கு பன்னிரண்டு முதல் பதினைந்து வரை மட்டும் அந்தக் குழியில் போடுங்கள். மண்ணெண்ணெய், பெட்ரோல் ஊற்றிப் பற்றவைத்தால் அந்த வாடை கடைசி வரை போகாது, உயிருக்கும் உத்தரவாதம் இல்லை. நடுவிலிருந்து தீ மெல்ல வெளியே நகர்ந்துகொண்டே போகும். 5 கிலோ, மணிக்கு சுமார் 400 கிராம் கணக்கில், பன்னிரண்டு மணி நேரம் வரை இழுக்கும். பலத்த காற்றோ குளிரோ இருந்தால் குறையும்.

எல்லா வழியையும் திறந்து தொடங்குங்கள். ஆனால் 110 வேண்டும் என்றால் முள் 90-ஐத் தொடும்போதே இரண்டு திருகு மூடியையும் போட்டு, வால்வைப் பாதியாக்குங்கள். ஏறும்போது பிடிப்பது சுலபம், ஏறிய பிறகு இறக்குவதுதான் பாடு. கரி முழுதும் பற்றிக்கொண்டால் காற்றை அடைத்தாலும் டிரம் ஆற ஒரு மணி நேரம் ஆகும். வால்வைத் தொட்ட பிறகு பதினைந்து நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை திருகுகிறவரின் அடுப்பு ஊஞ்சல் ஆடும். மூடியைத் திறந்து பார்க்கிற ஆசைக்கும் விலை உண்டு. திறந்ததும் காற்று பாய்ந்து கரி சிவக்கும், மூடிய பின் சூடு இருந்ததைவிட 20, 30 டிகிரி கூடிவிட்டுத்தான் இறங்கும்.

புகையின் நிறத்தைப் பாருங்கள். பற்றவைத்ததும் வரும் அடர்ந்த வெள்ளைப் புகை அரைகுறையாக எரிவதன் அடையாளம். அதில் இறைச்சியை வைத்தால் நாக்கு மரத்துப்போகும் கசப்புத்தான் மிஞ்சும். அது மெலிந்து, இருக்கிறதா இல்லையா என்று தெரியாத நீலச்சாயல் வந்த பிறகே தட்டியை ஏற்றுங்கள். மரத்துண்டை ஊறவைக்கும் பழக்கத்தால் பயனில்லை. தண்ணீர் மரத்தின் மேல்தோலுக்குள் மட்டும் இறங்கும், பிறகு ஆவியாகித் தீயைத்தான் மந்தமாக்கும். ஓக், ஹிக்கரி, பழமரக் கட்டைகள் போலக் கடினமான, நன்கு காய்ந்த மரம் வேண்டும். பைன் போலப் பிசின் உள்ளவை, பிளைவுட், பெயின்ட் அடித்தவை, மருந்து ஏற்றிய மரம் எதுவும் கூடாது. அரளிக் கட்டையின் புகையே நஞ்சு.

சூடு ஏறவே மாட்டேன் என்கிறதா? பெரும்பாலும் சாம்பல்தான் காரணம். காற்று வழியின் வாயில் ஒரு கம்பியை விட்டுத் துழாவி, டிரம்மின் அடியில் காலால் லேசாகத் தட்டுங்கள். தூள் கரி மிகுந்த மூட்டையிலும் இதே கதைதான், துகள்கள் இடைவெளியை அடைத்துவிடும். சூடு ஏறிக்கொண்டே போகிறதா? மூடி கசிகிறது, அல்லது தொடக்கத்தில் கங்கு கூடிவிட்டது. மூடிக் கசிவுக்குச் சூடு தாங்கும் கண்ணாடியிழை நாடாவை விளிம்பில் ஒட்டலாம். கொழுப்பு சொட்டித் தீ எழுந்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள். மூடியைப் போட்டுக் காற்றையும் அடையுங்கள், அடங்கிவிடும். அப்படி அடைத்த டிரம்மை மறுபடி திறக்கும்போது முகத்தை விலக்கி, மூடியின் ஒரு பக்கத்தை மட்டும் விரலளவு தூக்கிச் சிறிது பொறுங்கள். உள்ளே தேங்கிய வாயு காற்றுப் பட்டதும் குபீரென்று பிடிக்கும், புருவம் போகும்.

பெரிய துண்டின் உள்சூடு 65-லிருந்து 75 டிகிரிக்குள் எங்காவது மணிக்கணக்கில் நின்றுவிடும். அடுப்பு கெட்டுவிட்டது என்று வால்வைத் திறக்காதீர்கள். இறைச்சியின் மேற்பரப்பு வியர்த்து, அந்த ஈரம் ஆவியாவதில் சூடெல்லாம் போகிறது. அலுமினியத் தாளில் சுற்றிவிட்டால் இறைச்சிக்குள் குத்திய வெப்பமானியின் முள் மறுபடி நகரும். கோழியின் உள்சூடு 74 டிகிரியைத் தொட்டே ஆக வேண்டும். கொத்திய இறைச்சிக்கு 71. நார் பிரியும் பதம் வேண்டிய கடினத் துண்டுகளுக்கு 90-க்கு மேல், அதற்குள் இறைச்சியைக் கடினமாக்கும் இணைப்புத் திசுவான கொலாஜன் நன்றாகக் கரைந்து ஜெலட்டின் ஆகிவிடும். வெளியே பழுப்பேறிவிட்டதே என்று கண்ணை நம்பி இறக்குவது, மந்தச் சூட்டு அடுப்பில் மற்ற எந்த அடுப்பையும்விட மோசமான பழக்கம்.

தங்கள் குறிப்பில் மழைக்காலத்தில் அடுப்பைக் கூரைக்கொட்டகைக்குள் வைத்துக்கொள்ளலாம் என்றும் ஒரு வரி இருந்தது. மூச்சு முட்ட எரியும் கரி கார்பன் மோனாக்சைடைத் தள்ளிக்கொண்டே இருக்கும். அதற்கு வாடை இல்லை, நிறம் இல்லை. தலைவலி, மயக்கம், அப்புறம் எழுந்திருக்க முடியாது. கதவு திறந்திருக்கிறது என்பதெல்லாம் சமாதானம் ஆகாது. சுவரிலிருந்து 3 மீட்டராவது தள்ளி, வானம் பார்த்த இடத்தில், செங்கல் மேல் நிறுத்த வேண்டும். அணைத்த பிறகும் அதை உள்ளே கொண்டுவரக் கூடாது.

அணைப்பதற்கு வால்வையும் திருகு மூடிகளையும் அடைத்து, மேலே உள்ள எட்டுத் துளைகளில் எட்டு எம் 12 போல்ட்டுகளைத் தலை மேலிருக்கும்படி சொருகிவிட்டால் போதும். அரை அங்குலத் துளைக்கு அவை வழுக்கிக்கொண்டு உட்காரும். மிச்சக் கரி அப்படியே அணைந்து அடுத்த முறைக்கு ஆகும். சாம்பலை மறுநாள் அள்ளாதீர்கள், இரண்டு நாள் விடுங்கள், உள்ளே கங்கு உயிரோடிருக்கும். அதற்காக இரண்டு மாதம் விட்டுவிடவும் வேண்டாம். சாம்பலில் உள்ள பொட்டாசியம் கார்பனேட் காற்றின் ஈரத்தை உறிஞ்சிக் காரக் குழம்பாகி அடித்தகட்டைத் தின்னும். டிரம் எப்போதும் அடியிலிருந்துதான் சாகிறது.

முந்தைய குறிப்பைப் பார்த்து ஏற்கெனவே பதினைந்து துளை போட்டுவிட்டவர்கள் டிரம்மைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. மூன்றை மட்டும் விட்டுவிட்டு, மற்றவற்றை ஸ்டெயின்லெஸ் போல்ட்டும் இரு பக்கம் அகல வாஷரும் போட்டு அடைத்துவிடலாம். ஆனால் பூர்வீகம் தெரியாத டிரம்மை வாங்கியவர்களுக்கு அப்படி ஒரு கைவைத்தியம் கிடையாது. துளை பற்றிய திருத்தத்துக்கு இடம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, ‘எந்த டிரம்மும் ஆகும்’ என்ற வரிக்கும் கொட்டகை பற்றிய வரிக்கும் அடுத்த வார இணைப்பிலேயே, அந்தக் குறிப்பு வந்த அதே பக்கத்தில், திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
டிரம் அடுப்பு கட்டும் வாசகர் ஒருவர்